ஒதார் சொன்ன வாழ்த்து

மக்வாலா என் தம்பி ஒதாரின் மனைவி. எங்கள் சுக்தீதி ஊரில் எல்லாப் பெண்களையும் போல அவளும் சீரோடு ஒரு சதுரங்கப் பலகை கொண்டுவந்தாள். மற்றவர்களின் பலகை அலமாரியில் தூங்கும். இவள் தேயிலை ஆலையில் பகலெல்லாம் இலை பிரித்துவிட்டு வந்து, சோளமாவு ஒட்டிய கையோடு காய் நகர்த்துவாள்.

ஒரு வருஷம் சதுரங்கப் போட்டி எங்கள் ஊரில். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் தலைநகர் திபிலீசிக்குப் போகலாம், விளையாடுவதே வேலையாகிவிடும், ஆலைக்கு முழுக்கு. எதிரில் ஆட வேண்டியவள் பத்தூமிக்காரி எதேரி. விடுதியில் அவளுக்கு இடமில்லை என்று ஒதாரே வீட்டுக்குக் கூட்டிவந்தான். வந்தவளைப் போ என்பது எங்களால் ஆகாது.

சாயங்காலம் விருந்து. எங்களில் வாழ்த்துச் சொல்லாமல் ஒரு வாய் குடிக்கமாட்டார்கள், சொல்பவன் ஒதார். மண்ணுக்கு, செத்தவர்களுக்கு, விருந்தாளிக்கு என்று சொல்லிக்கொண்டே போனவனுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

"என் மக்வாலாவை லேசா நினைக்காதீங்க! ராஜா பக்கத்துக் காலாளை ரெண்டாவது நகர்த்தல்லயே தூக்கிக் குடுப்பா. வெட்டினவ செத்தா! அடுத்து குதிரையையும் குடுத்து, எதிராளி ராஜாவை நடுத்தெருவுக்கு இழுத்துருவா. இது அவளுக்காக!"

மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.

"ஏன்க்கா மிதிக்கிற? பொண்டாட்டியைப் புகழ்ந்தா குத்தமா?"

எதேரி கோப்பையைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, "உங்க வீட்டு நலத்துக்கு" என்றாள். மக்வாலா கோழியில் நல்ல துண்டாகப் பார்த்து அவளுக்கு வைத்தாள்.

காலையில், "வேற மாதிரி ஆரம்பியேன்டி" என்றேன்.

"வேற எதுவும் நான் தயார் பண்ணலக்கா. குடிச்சிருந்தாளே, மறந்திருப்பா."

மறக்கவில்லை. மக்வாலா காலாளை நீட்டினாள். எதேரி அதைத் தொடவே இல்லை. மந்திரியை நீளமாக ஓட்டி, மக்வாலாவின் ராஜா கோட்டைக்குள் ஒதுங்கும் வழியை அடைத்தாள். கடைசியில் நடுத்தெருவுக்கு வந்தது மக்வாலாவின் ராஜாதான்.

"நம்ம வீட்ல சாப்பிட்டவதானே ஜெயிச்சா" என்று ஒதார் எதேரிக்கு ஒரு குடம் திராட்சை மது கொடுத்துப் பேருந்து ஏற்றிவிட்டான். திங்கட்கிழமை மக்வாலா ஆலைக்குப் போனாள். கை நடுங்கும் வயசுவரை இலைதான் பிரித்தாள்.

ஒதார் வெகுளி என்கிறது ஊர். என் கூடப்பிறந்தவன்தான், ஆனாலும் நான் ஒப்பமாட்டேன்.

மக்வாலாவின் மகள் கல்யாணத்தில் சம்பந்தியம்மா சீரைக் கிளறிப் பார்த்துவிட்டு, "சதுரங்கப் பலகை எங்க சம்பந்தி?" என்று கேட்டாள்.

"அதுக்குப் பதிலா மது குடிக்கிற பெரிய கொம்புக் கோப்பை வெச்சிருக்கேன்" என்றாள் மக்வாலா. "உங்க பையனும் வாழ்த்துச் சொல்லணும்ல?"

முதலில் சிரித்தவன் ஒதார்தான்.