டை ராடில் கட்டிய கயிறு

கோல்ஃப் மைதானத்து வண்டிக் கொட்டகையில் அவளுக்கு 'கரண்ட்' என்று பெயர். பேட்டரி வண்டிகளுக்கு மெக்கானிக் என்பது பாதிக் காரணம். தொட்டால் அடிக்கும் என்பது மீதி. அதே கொட்டகையில் அவளுடைய அண்ணன் டிரைவர். வயதான உறுப்பினர்களை ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு ஏற்றிப்போவது அவன் வேலை. தங்கை வாயில் விழாமல் இருப்பது கூடுதல் வேலை.

அன்று காலை அவன் வண்டியைப் பூச்செடிகளுக்குள் இறக்கிவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டி பாதை நெடுக ஆடி ஆடி வந்ததைப் பல பேர் பார்த்திருந்தார்கள். ஆடியது வண்டியா, ஓட்டியவனா என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. அவன் ஊரறியக் குடித்து, ஊரறிய விட்டவன். மறுபடி தொட்டால் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக அண்ணி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

மேனேஜர் கொட்டகைக்கே வந்தார். குடித்திருந்தால் இன்றோடு வேலை இல்லை, வண்டிக் கோளாறு என்றால் என்ன கோளாறு என்று காட்டுங்கள் என்றார். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. கத்தியது அவள்தான். மற்ற டிரைவர்கள் சுற்றி நிற்க, அண்ணனின் காலரைப் பிடித்து இழுத்து வாயை மோந்து பார்த்தாள். காபி வாசனைதான் வந்தது.

அவன் காலரை நீவிவிட்டுக்கொண்டான். "திருப்தியா?"

அவள் சுற்றி நின்றவர்களை வேறு வேலை இல்லையா என்று விரட்டினாள். வண்டியைப் பழுதுபார்க்கும் பள்ளத்தின் மேல் நிறுத்த அண்ணனிடம் சொல்லிவிட்டு, டார்ச்சோடு அடியில் இறங்கினாள்.

"ஸ்டியரிங்க ஆட்டு. லேசா. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்."

மேலே ஸ்டியரிங் ஆடியது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் கை அதோடு சேர்ந்து அசைந்தது. பெட்டியில் குறை இல்லை. சக்கரங்கள் மட்டும் எனக்கென்ன என்று நின்றன. அசைவு நடுவில் எங்கோ செத்துப்போகிறது. இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனையில் விரலை வைத்தாள். உள்ளே பால் ஜாயிண்ட்டின் குண்டு டக், டக் என்று ஆடியது. மறுமுனையிலும் அப்படியே. ராடின் மேல் டார்ச்சை ஓட்டினாள். நடுவில் வில்லாக வளைந்திருந்தது. வளைந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து, பச்சை நைலான் நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

வண்டியைக் கட்டி இழுப்பதென்றால் சேஸிஸில் இருக்கும் கொக்கியில்தான் கட்ட வேண்டும் என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. கொக்கிக்கு நன்றாகக் குனிய வேண்டும். டை ராடு வாகாக நிற்கும். பச்சைக் கயிறு ஒரே ஒரு டிரைவரின் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கும்.

"எதுலண்ணா கயித்தக் கட்டின?"

மேலே ஸ்டியரிங் ஆடுவது நின்றது.

மழையன்று குளத்தோரம் சேற்றில் மாட்டிக்கொண்டதாம். இன்னொரு வண்டியைக் கொண்டு இழுத்தானாம். இடுப்புப் பிடிப்பில் குனிய முடியாமல், கைக்கு எட்டியதில் கட்டினானாம்.

"உன் கழுத்துகூடத்தான் எனக்குக் கைக்கு எட்டுது," என்றாள் பள்ளத்திலிருந்து. "அன்னையிலேர்ந்து ஸ்டியரிங் லூசா இருந்திருக்கும். ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ."

அதற்கும் கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே, அவன் சொன்னது சரிதான் என்பது உறைத்தது. அதனால் இன்னும் கொஞ்சம் கத்தினாள்.

தானாகத் தேய்ந்துபோனது என்று சொல்லிவிடேன் என்று கேட்டுப் பார்த்தான். அவள் வளைந்த ராடைக் கழற்றி, நாரோடு மேனேஜர் மேஜையில் வைத்து, கயிற்றையும் சேர்த்தே சொன்னாள். மறைத்தால் நாளைக்கு வேறொருவன் அதே இடத்தில் கட்டுவான். மேனேஜர் ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை இருக்கும், ஆனால் ஒரு மாதத்துக்கு உறுப்பினர்களை ஏற்றக்கூடாது, புல்லுக்குத் தண்ணீர் விடட்டும் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணிக்குப் போன் செய்தாள். வண்டி பூச்செடிக்குள் இறங்கிய சேதி அவள் போனுக்கு முன்னாலேயே போயிருந்தது.

"குடிக்கல அண்ணி. நான் மோந்து பாத்துட்டேன். வெறும் முட்டாள்தனம்தான்."

"அது கல்யாணத்தன்னைக்கே தெரியும்," என்றாள் அண்ணி. "பரண்லேர்ந்து பெட்டிய எறக்கி வச்சுட்டேன். திரும்ப மேல ஏத்தணும்."

புது ராடு, இரு முனைக்கும் புது பால் ஜாயிண்ட், நட்டுக்குப் புதுப் பின். முன்சக்கரங்களுக்கு இடையே முன்பக்கமும் பின்பக்கமும் அளவு டேப் பிடித்து நேராக்கினாள். டேப்பின் மறுமுனையை அண்ணன் பிடித்தான். முடித்ததும் அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டு."

"ஏத்தக்கூடாதுன்னாரே."

"நான் என்ன உறுப்பினரா?"

வண்டி கோடு போட்டதுபோல் போனது. ஸ்டியரிங்கை விரலால் தொட்டாலே சக்கரம் கேட்டது. பூச்செடிகள் நசுங்கிக் கிடந்த வளைவில் அவன் நிறுத்தினான். அவள் பக்கம் குனிந்து, முகத்துக்கு நேரே மூச்சை ஊதினான்.

"இன்னொரு தடவ பாத்துக்க. இங்க யாரும் இல்ல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண் எரிந்தது. கோபம் தன் மேல்தான் என்று இப்போது அவளுக்குத் தெரியும்; அதை எப்படிக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

"ரோட்டப் பாத்து ஓட்டுண்ணா," என்றாள்.