பொட்டு வைத்த பாஸ் பெட்டி

என் வண்டியில் இருந்த பாஸ் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றியது தலைவர்தான். அவர் கை படவில்லை என்றால், கழற்றச் சொன்னது அவர் வாய். என் மனைவியின் தோள்பட்டை எலும்பு உடைந்ததற்கு அவரே காரணம். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியும் பலன் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தலைவர் என்றால் ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தின் சங்கத் தலைவர். கோயில் கமிட்டிக்கும் அவரே பெரியவர். மற்றபடி எங்களைப் போலக் காலையில் கத்தியும் வாளியுமாகப் பால் வெட்டப் போகிற ஆள்தான். நான் பால் வெட்டுவதை விட்டுவிட்டு, ஒரு பழைய வேகனை வாங்கி ஹயர் ஓட்டிக்கொண்டிருந்தேன். நாட்டில் சண்டை முடிய இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்த காலம். கல்யாண ஹயருக்குப் பாட்டு நன்றாக அடிக்கிற வண்டியைத்தான் கேட்பார்கள். அதனால் பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு பாஸ் பெட்டி வைத்தேன், பாட்டை அதிர வைக்கிற பெரிய ஸ்பீக்கர். தனி ஆளாகத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவு கனம்.

வரக்காப்பொலையில் ஒரு சிங்கள பாஸ்தான் பூட்டிக் கொடுத்தார். மேசனோ மெக்கானிக்கோ, கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்றுதான் சொல்வோம். அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. கார்பெட்டைத் தூக்கினார். வண்டிக்கு அடியில் படுத்து, பெட்ரோல் டாங்கியும் பிரேக் குழாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் தகட்டில் துளை போட்டார். பெட்டியின் இரு பக்கமும் இரும்பு ஆங்கிள் வைத்து, அடியில் அகலமான வாஷர் போட்டு, நட்டை இறுக்கினார். பிறகு பெட்டியைக் காலால் உதைத்தார். வண்டியே ஆடியது. வண்டி ஆடினால் சரி, பெட்டி தனியாக ஆடினால் என்னிடம் திரும்பி வா என்றார். கார்பெட்டை மேலே இழுத்து மூடினார். ஆங்கிளும் தெரியாது, போல்ட்டும் தெரியாது.

செக்பொயின்டில் அந்தப் பெட்டியைப் பார்த்துத் துவக்கைத் திருப்பாத ஆமிக்காரன் இல்லை. தமிழன், வண்டி, பெட்டி, அதற்குள் வயர். முதல் நாள் ஒருவன் பெட்டியில் என்ன என்று கேட்டான். நான் சிங்களத்தில் "பாஸ் பெட்டிய" என்றேன். அவன் காதில் அது மேசன் பாஸின் சாமான் பெட்டி என்று விழுந்திருக்கிறது. "பாஸ் கோ?" என்றான். பாஸ் எங்கே என்று கேட்கிறான். பாட்டைப் போட்டுக் காட்டிய பிறகுதான் சிரித்தான். அதற்குப் பிறகும் தட்டுவார்கள், டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஸ்பேனர் எடுத்து ஒரு போல்ட்டைக்கூட யாரும் கழற்றியதில்லை. இதை நினைவில் வையுங்கள்.

தோட்டத்துக் கோயிலில் திருவிழா வந்தது. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். என்றாலும் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுச் சட்டியும் போகும், வண்டியும் போகும். அது வழக்கம். எனக்குக் காய்ச்சல். பூவும் ஐஸும் ஏற்றி வரவேண்டும் என்று தலைவர் சாவி கேட்டார். கொடுத்தேன். அன்றைக்குக் கோயில் பக்கமிருந்து வந்த பாட்டு எங்கள் லயத்து வீடுகளின் கூரைத் தகரத்தை அதிர வைத்தது. வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் செட் என்று நினைத்துப் போர்வைக்குள் கிடந்தேன். வண்டியைக் கழுவித் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார். அவர் அதற்கு முன் எதையும் கழுவிக் கொடுத்ததில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது.

காய்ச்சல் விட்ட பிறகு மனைவியோடு பசாருக்குப் போனேன். திரும்பும்போது முன் சீட்டில் அரிசி மூட்டை. அவள் பின் சீட்டில். இறக்கத்து வளைவில் பஸ் ஒன்று எங்கள் பக்கத்துக்கே ஏறி வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. பெட்டி நிற்கவில்லை. பின் சீட்டின் பூட்டை உடைத்துக்கொண்டு அவள் தோளில் மோதியது.

ஆஸ்பத்திரியில் அவளை விட்டுவிட்டு வந்து கார்பெட்டைத் தூக்கினேன். போல்ட் இல்லை. துளைக்குள் கம்பி விட்டு ஆங்கிளோடு கட்டியிருந்தது. சிரட்டைக் கம்பி. ரப்பர் மரத்தில் பால் வடிகிற சிரட்டையைத் தாங்க நாங்கள் கட்டுவது. மரம் பெருக்கும்போது பட்டையை அறுக்கக் கூடாது என்று அதை எப்போதும் இளக்கமாகத்தான் முறுக்குவோம். கையைக் கிழிக்காமல் நுனியை உள்ளே மடிப்போம். வண்டிக்குள்ளும் அதே இளக்கம், அதே மடிப்பு. பெட்டி என்ன மரமா, நாளுக்கு நாள் பெருக்க? பால் வெட்டுகிறவன் கைதான் இப்படிக் கட்டும்.

பெட்டியைப் புரட்டினேன். சீட்டைப் பார்த்திருந்த பக்கத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

அதற்குள் லயம் முழுக்க ஒரே பேச்சு. செக்பொயின்டில் ஆமி கழற்றியிருப்பான் என்றார்கள். யார் தொடங்கி வைத்த பேச்சு? ஆமியிடம் போய் யாரும் கேட்க முடியாது என்று தெரிந்த ஆள் தொடங்கி வைத்தது. நான் வரக்காப்பொல பாஸையும் விடவில்லை. அவர் மீதும் சந்தேகப்பட்டு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கோபத்தோடு துளைகளைக் காட்டினார். போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் தகடு கிழிந்திருக்கும். ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. யாரோ நிதானமாக ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள்.

தலைவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் கூட இருந்தார்கள். பெட்டியில் எப்படிப் பொட்டு வந்தது என்று கேட்டேன்.

"ஆயுத பூசைக்கு நீயே வச்சிருப்ப."

"நாங்க வேதக்காரங்க தலைவரே. எங்க வீட்டுல ஆயுத பூசை யாரு செய்யுறது?"

ஒருவன் சிரித்துவிட்டான். தலைவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சிரிப்பை விழுங்கினான்.

"அப்ப ஆமிக்காரன்ட்ட போய்க் கேளு."

"ஆமிக்காரன் பொட்டு வப்பானாங்க?"

"இந்தா, சாமி காரியத்துல வேதக்காரன் கேள்வி கேக்காத. ஒம் பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு நீ பாத்து ஓட்டியிருக்கணும்."

அதோடு என் வாயை அடைத்தார்கள். அன்று முதல் நான் சாமியைக் குறை சொன்னவன் என்று ஆகிவிட்டது. பொட்டைப் பார்க்க ஒருவன்கூட வண்டிப் பக்கம் வரவில்லை. திருவிழா அன்று தகரத்தை அதிர வைத்தது என் பெட்டிதான்; அவர்கள் கண்ணெதிரே மேடையில் இருந்திருக்கிறது. அதற்குப் பொட்டு வைத்துத் தீபாராதனை காட்டியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். இது என் சந்தேகம்தான். திருவிழாவுக்குப் பிறகு கோயில் உண்டியலைத் தரையோடு பூட்டியிருக்கிறார்கள். வெளியில் நின்று பார்த்தால் அந்தப் போல்ட்டுகளின் தலை வரக்காப்பொல பாஸ் போட்டதைப் போலவே இருக்கிறது. நான் உள்ளே போய்ச் சாமி உண்டியலில் ஸ்பேனர் வைத்தால் உயிரோடு வெளியே வரமாட்டேன். அது தலைவருக்கும் தெரியும்.

என் மனைவியால் இப்போதும் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. பால் வெட்டு போய்விட்டது. புல்லுப் பிடுங்குகிற வேலை கொடுத்தார்கள். பொட்டையும் கம்பியையும் காட்டி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

"தலைவர் அப்படிச் செய்வாரா? ஒங்க டமடம பெட்டிதான என் கைய எடுத்துச்சு," என்றாள்.

பெட்டியை அன்றே இறக்கிப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகும் அவள் என் வண்டியில் ஏறியதில்லை. பஸ்ஸில் போகிறாள். நான் பஸ்ஸுக்குப் பின்னால் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறேன்.

தலைவரே, கோயிலுக்குள் என்னைக் கூப்பிட வேண்டாம். பெரட்டுக்களத்துக்கு வாருங்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் வந்து நிற்கிற இடம். சைவக்காரனும் நிற்பான், வேதக்காரனும் நிற்பான், என் மனைவியும் நிற்பாள். அங்கே அவள் காதில் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள். அந்தப் போல்ட்டுகளைக் கழற்றியது யார்? அவை இப்போது எங்கே இருக்கின்றன?