ராஜா கேட்ட கேள்வி

என் தம்பி இறந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது, அவனுக்கு இருபத்திரண்டு. தொண்ணூறுகளின் பின்பாதி அது. சோழவந்தானுக்குப் போகும் வழியில், வைகையை ஒட்டிய ஒரு சிறிய ஊரில் நாங்கள் இருந்தோம். அப்பா முன்பே போய்விட்டார். கொஞ்சம் வயல் இருந்தது, அம்மா பார்த்துக்கொண்டாள். நான் மதுரை கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தேன். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். சாயங்காலம் ஊர் விலக்கில் இறங்கினால் தம்பி வண்டியோடு நிற்பான்.

அன்று ஊரில் அம்மன் புறப்பாடு. நாங்கள் வந்த நேரத்தில் பள்ளிவாசல் தெருமுனையில் சாமி நின்றுபோயிருந்தது. உள்ளே தொழுகை நடக்கிறது, கொட்டுமேளத்தை நிறுத்துங்கள் என்று ஒரு பக்கம். சாமி வரும்போது கொட்டு நிற்காது என்று இன்னொரு பக்கம். தம்பி வண்டியை ஓரங்கட்டினான்.

"இங்கயே இரு அக்கா, என்னான்னு பாத்துட்டு வாரேன்."

இரண்டு எட்டுகூட வைத்திருக்க மாட்டான். எங்கிருந்தோ ஒரு கல் வந்து நெற்றிப்பொட்டில் பட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தான். "ஒண்ணுமில்லக்கா" என்றான். மதுரைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலையில் இறந்துவிட்டான்.

எனக்கு அழுகை வரவில்லை. அம்மா அழுதாள், ஊர் அழுதது. நான் பெஞ்சுகளை எடுத்துப் போட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், யாருக்கெல்லாம் சொல்லவில்லை என்று யோசித்து ஆள் அனுப்பினேன். தைரியமான பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள். தைரியமெல்லாம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிற இடம் தெரியாதே, அதுபோல இருந்தது.

எரித்துவிட்டு வந்த அன்றைக்கே சித்தப்பா ஒரு காகிதத்தோடு வந்தார். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் கூட இருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாயின் பெயர் அதில் எழுதியிருந்தது. அவர் கல்லெறிந்ததை நான் கண்ணால் பார்த்ததாகவும் எழுதியிருந்தது.

"எல்லாரும் பாத்திருக்காங்கத்தா. ஆனா பக்கத்துல நின்னது நீதான். நீ கையெழுத்துப் போட்டாத்தான் கேஸு நிக்கும்" என்றார் சித்தப்பா.

படிக்காமல் போட்டேன் என்று சொல்லலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் முழுதும் படித்துவிட்டுத்தான் போட்டேன். ஒரு எழுத்துப் பிழைகூட இருந்தது. அதைத் திருத்திவிட்டுப் போட்டேன்.

பாயைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பிறகு ஊர் இரண்டாகிவிட்டது. கடைகள் திறக்கவில்லை. டவுன் பஸ் உள்ளே வராமல் விலக்கிலேயே திரும்பியது. பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியது. தாலுகா ஆபீஸில் இரண்டு தரம் சமாதானக் கூட்டம் போட்டு இரண்டும் சண்டையில் முடிந்தன. பாயை விடாமல் பேச மாட்டோம் என்றார்கள் பள்ளிவாசல்காரர்கள். உயிர் போயிருக்கிறது, எப்படி விடுவது என்றார்கள் கோயில்காரர்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ராஜாவைக் கூப்பிடுவது என்று முடிவானது.

ராஜா என்றால் பழைய பாளையக்காரர் வம்சம். நாடும் இல்லை, நிலமும் இல்லை. அரண்மனை என்று ஒன்று பக்கத்து ஊரில் இருந்தது. முக்கால்வாசி இடிந்துபோய், மிச்சமிருந்த இரண்டு அறைகளில் அவரும் மனைவியும் மகளும் குடியிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அரைக்கைச் சட்டை போட்டு, தோளில் துணிப்பையோடு டவுன் பஸ்ஸில் வருவார். ஆனாலும் அவர் நடந்து வந்தால் பெரிய ஆட்களும் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். அம்மன் புறப்பாட்டில் தலையில் கட்டும் முதல் பரிவட்டம் அவர் வீட்டுக்கு. பள்ளிவாசலுக்கு அருகில் இருந்த தர்காவில் கந்தூரி விழா அன்று முதல் போர்வையும் அவர் வீட்டிலிருந்துதான் போகும். இரண்டு பக்கத்துக்காரர்களும் மறுக்க முடியாத ஒரே ஆள் அவர்தான்.

அவர் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பி போய் முப்பது நாள்கூட ஆகவில்லை. நான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தேன். அம்மா உள்ளே படுத்திருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"தாயி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேக்கலாமா?"

"கேளுங்கய்யா."

"பாய் எறிஞ்சத நீ பாத்தியா?"

எல்லாரும் என்னிடம் என்னென்னவோ கேட்டிருந்தார்கள். இதை மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை. போலீஸ்காரர்கள்கூட எழுதியதைப் படித்துக்காட்டி, சரிதானே என்றார்களே ஒழிய, பார்த்தாயா என்று கேட்கவில்லை.

"இல்லய்யா. நான் தம்பியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். கேஸை வாபஸ் வாங்கு என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் இத எங்கயும் சொல்ல மாட்டேன். நீ சொன்னாத்தான் உண்டு. போயிட்டு வாரேன்."

வாசலைத் தாண்டிப் பத்தடி போயிருப்பார். நான் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"பாய் வீட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா?"

ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. இரக்கம், குற்ற உணர்ச்சி என்றெல்லாம் எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் எனக்குள் இருந்ததாக நினைவில்லை. வீட்டுக்குள் திரும்பிப் போக வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பாய் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால். தெருவே எங்களைப் பார்த்தது. ராஜா வாசலில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். பாயின் மனைவி தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

"வாங்க தங்கச்சி" என்று கோரைப்பாயை எடுத்து விரித்துப் போட்டார். உட்கார்ந்தோம்.

"எங்க வீட்டுக்காரரு அந்நேரம் உள்ள தொழுதுக்கிட்டு இருந்தாரு. அல்லா மேல ஆணையாச் சொல்றேன். நீங்க நம்பணும்னு சொல்லல. தம்பி போயிட்டான், நீங்க எதைத்தான் நம்புவீங்க" என்றார். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "தம்பி பேரு சொல்லி நாங்களும் துவா கேட்டோம். அது உங்களுக்குத் தெரியாது" என்றார்.

தம்பிக்காக அந்த வீட்டில் பிரார்த்தனை செய்திருக்கிறார்கள் என்பது வினோதமாக இருந்தது. அவர் டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். நல்ல டீ என்று நினைத்ததும், இப்படி நினைக்கலாமா என்று யோசித்ததும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் கிளினிக்கில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நான் சொல்லியனுப்பவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் ராஜாவும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஸ்டேஷனுக்குள் நுழைவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாராம். இன்ஸ்பெக்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"பொய்ப் புகாருன்னு ஒம்மேலயே கேஸ் போடலாம், தெரியுமா?"

"போடுங்க சார்."

நிஜமாகவே எனக்கு அதில் ஒன்றுமில்லை. அவர் ராஜாவைப் பார்த்தார். ராஜா எழுந்து போகவில்லை. மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் என் வாக்குமூலத்தைப் புதிதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். என்மேல் கேஸ் எதுவும் போடவில்லை. சில நாட்களில் பாய்க்கு ஜாமீன் கிடைத்தது, பிறகு கேஸே நிற்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை.

"அப்ப எவன்தான் எறிஞ்சான்?"

"தெரியாதும்மா."

"தெரியாமலேயே இருக்கணுமா?"

"ஆமா."

அன்று நானே சோறு வடித்தேன். அவளும் எழுந்து வந்து சாப்பிட்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. சித்தப்பா எங்கள் வீட்டு வாசலை மிதிக்காமல் போனார். நாற்று நட ஆள் கேட்டால் வரவில்லை. கோயிலில் விபூதி கொடுக்கும்போது என் கைக்கு வந்ததும் தட்டு நகர்ந்துவிடும். இதெல்லாம் நடந்தது, நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

கூட்டம் ரைஸ்மில் களத்தில் நடந்தது. என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கம் பூசாரியும் கமிட்டியும். எதிரே தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தும் பள்ளிவாசல் ஜமாத்தும். நடுவில் ராஜா. தாசில்தார் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். சாமி பெரிதா, தொழுகை பெரிதா என்று யாரோ ஆரம்பித்ததும் ராஜா கையைக் காட்டினார்.

"பெருசு சின்னதெல்லாம் நமக்குத் தெரியாது. தெரிஞ்சதப் பேசுவோம். ஹஜ்ரத், அந்திக்கு அப்புறம் வர்ற தொழுகையக் கொஞ்சம் முன்னாடி முடிச்சுக்க முடியுமா?"

"முன்னாடி முடியாது. நேரம் வராம தொழக்கூடாது. பிந்தித் தொழலாம், அதுக்கு மார்க்கத்துல இடமிருக்கு" என்றார் ஹஜ்ரத்.

"பூசாரி, சாமி நிக்கலாமா?"

"நிக்கலாம். எம்புட்டு நேரம் வேணாலும் நிக்கும். ஆனா வந்த வழியே திரும்பக் கூடாது."

"ஓ" என்றார் ஹஜ்ரத். "திரும்பக் கூடாதா? அது எங்களுக்குத் தெரியாதே. அன்னிக்கு நாங்க திருப்புங்கன்னுதான கத்துனோம்."

பூசாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிந்தித் தொழலாம்ங்கிறது எங்களுக்கும் தெரியாது" என்றார்.

முப்பது வருடமாக எதிரெதிர்த் தெருவில் இருந்தவர்கள். அந்தக் களத்தில்தான் இதை ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு பாதைக்கு வந்தது பேச்சு. கடைவீதி வழியாகப் போனால் பிரச்சினையே இல்லை. அன்றைக்கு மட்டும் எங்கள் கடைப் பந்தல்களைப் பிரித்து வழிவிடுகிறோம், தொழுகையையும் பிந்தி வைத்துக்கொள்கிறோம் என்றது ஜமாத். கமிட்டித் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பள்ளிவாசல் தெரு அரண்மனை வகுத்த பாதை. அத மாத்த எங்களுக்கு உரிமை இல்ல."

"அரண்மனை வகுத்ததுதான? அரண்மனையே மாத்துது" என்றார் ராஜா.

"அந்தத் தெருமுனையிலதான ஒங்களுக்குப் பரிவட்டம் கட்றது? அந்த வழி போகலன்னா அதுவும் நின்னுபோகுமே. ஒங்க வம்சத்துக்கு மிச்சம் இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"நின்னு போகட்டும்."

ராஜாவின் அண்ணன் மகன்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் எழுந்து, நாற்காலிகளைத் தள்ளிவிட்டுப் போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாசில்தார் நீட்டிய தாளில் முதல் கையெழுத்து அவர் போட்டார். குனிந்தபோது அவர் காலில் ஆறாத புண் ஒன்றைப் பார்த்தேன். சர்க்கரை இருக்கும், சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என் புத்தி அப்போது அப்படித்தான் வேலை செய்தது.

அடுத்த வருடம் சாமி கடைவீதி வழியாகப் போனது. பந்தல்களைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். கடைவாசலில் சிலர் நின்று பார்த்தார்கள், சிலர் உள்ளே போய்விட்டார்கள். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. கல் எதுவும் விழவில்லை. ராஜா தலையில் ஒன்றும் கட்டாமல் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துபோனார். பழக்கமில்லாதவர்கள் இரண்டு பேர் அவரை இடித்துக்கொண்டு போனார்கள்.

அவர் இறந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு, மழை பெய்த ஒரு ஐப்பசியில். அம்மாவும் நானும் போனோம். கோயில் மாலை முதலில் விழுவதா, தர்காப் போர்வை முதலில் விழுவதா என்று வாசலில் முணுமுணுப்பு கிளம்பியிருந்தது. அவர் மகள் வெளியே வந்து, "ரெண்டையும் எங்கிட்டக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எது முதலில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் கிளம்பும்போது அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, ஒங்க வீட்டுக்கு வாரதுக்கு முந்தி அப்பா மூணு நாள் கிளம்பி மூணு நாளும் பாதியில திரும்பி வந்துட்டாரு. செத்த வீட்டுல போயி எப்படி இதக் கேக்கிறதுன்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு. சாப்பிடக்கூட இல்ல."

அவர் அன்று அவ்வளவு நிதானமாக உட்கார்ந்திருந்தாரே என்று மட்டும் சொன்னேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து ஊர் வயல்களில் தண்ணீர் கட்டி நின்றது.

"நல்ல மனுசன்" என்றாள் அம்மா, வெளியே பார்த்துக்கொண்டே.

"ஆமாம்மா" என்றேன்.