பாத்திமா முடிக்காத இரண்டாவது செட்

அமல்ராஜின் அழைப்பு வந்தபோது நான் நாவலூரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கருகிப்போன சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். காப்பீட்டு நிறுவனங்களுக்காக இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிப்பது என் தொழில். தீ எப்படிப் பிடித்தது என்று வீட்டுக்காரர் விளக்கிக்கொண்டிருந்தார். அதில் பாதியை நான் நம்பவில்லை. அந்த மனநிலையில்தான் செய்தி வந்தது.

"அக்கா, பாத்திமா போயிட்டா."

"எப்போ? கூட யார் இருந்தாங்க? டாக்டர் என்ன சொன்னார்?" கேட்டு முடித்த பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனைவியை இழந்தவரிடம் கேட்கிற கேள்விகளா இவை?

அமல் சொன்னார்: "கேளுங்க அக்கா. நீங்க இப்படிக் கேக்கலைன்னா அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும்."

இதைப் படிக்கும் உங்களில் அடக்கத் திருப்பலிக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பங்குக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதர், "எதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் குழந்தை உள்ளம் நம் சகோதரிக்கு" என்றார். பின்வரிசையில் உங்களில் சிலர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அழுகையை அடக்கத்தான் மூடினீர்கள் என்று நான் நம்பவில்லை. பாத்திமா கேள்வி கேட்காமல் ஒரு கட்டு கீரை வாங்கி யாரும் பார்த்ததில்லை.

அவரை நான் முதலில் பார்த்ததே ஒரு விசாரணையில்தான். சேலையூரில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழ் வீடு காலியாக இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஏழுமலை ஒருநாள் மேலே ஏறி வந்தார். அவருடைய அப்பா காலத்தில் அந்த இடம் முழுக்க நெல் வயல். இப்போது வரிசையாக வாடகை வீடுகள்.

"மேடம், ஒரு பார்ட்டி வூடு கேட்டு வந்துகீது. அந்தம்மா பேரு பாத்திமாவாம். கழுத்துல பார்த்தா சிலுவை தொங்குது. ஸ்பெயின் தேசத்துல டென்னிஸ் ஆடிகினு இருந்தாங்களாம். அப்படி ஆடினவங்களுக்கு சேலையூர்ல இன்னா வேலை? எங்கியோ இடிக்குது. நீங்கதான் துப்பு துலக்கற ஆளாச்சே, கொஞ்சம் பாருங்களேன்."

கீழே போனேன். மெலிந்து உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அமல்ராஜ், தாம்பரத்துப் பிள்ளை, பிசியோதெரபிஸ்ட். நான் எஸ்தர் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு கேள்விகளை ஆரம்பிக்கும் முன் அந்தப் பெண் கையை நீட்டி, "கார்டு காட்டு" என்றார். அப்போது அவருக்குத் தெரிந்திருந்த சில தமிழ்ச் சொற்களில் 'காட்டு' ஒன்று. என் அடையாள அட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். புகைப்படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அமலிடம் ஆங்கிலத்தில், "இது இவங்க அக்காவோட போட்டோவா?" என்றார்.

அவருடைய பெயர் பாத்திமா மாதாவின் பெயர், அவருடைய நாட்டில் கத்தோலிக்கப் பெண்களுக்கு வைப்பது என்று அமல் விளக்கினார். ஏழுமலையிடம், "இப்போதைக்குத் தப்பா எதுவும் தெரியலை" என்று சொன்னேன்.

"இப்போதைக்கா?" என்றார் அவர். ஆனாலும் வீட்டைக் கொடுத்தார்.

தமிழைப் பாத்திமா மார்க்கெட்டிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கற்றுக்கொண்டார். அதனால் அமலின் உறவினர்களான ஆசிரியர் குடும்பங்கள் அவர் பேச்சைக் கேட்டு நெளிந்தார்கள். 'நீங்க' என்ற சொல்லை அவர் பயன்படுத்தவே மாட்டார். "ஒரு ஆள்தானே நிக்கறே? நீங்கன்னா பின்னாடி வேற யாரோ ஒளிஞ்சிகினு இருக்கிற மாதிரி கீது" என்பார்.

இந்தச் சந்தேக குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். செம்மண் கோர்ட்டில் இருந்து என்றார். அவர் ஊரில் டென்னிஸ் ஆடுவது செம்மண் தரையில். பந்து விழுந்தால் மண்ணில் தடம் பதியும். பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தகராறு வந்தால் அம்பயரே நாற்காலியை விட்டு இறங்கி வந்து தடத்தைப் பார்ப்பார். "ஏழு வயசுலேர்ந்து அதான் பழக்கம். யாரு சொன்னாலும் நம்பாத, போய்ப் பாரு." தாம்பரம் மார்க்கெட்டில் தராசுத் தட்டின் அடியை அவர் தடவிப் பார்ப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காய்க்காரம்மா, "இன்னாம்மா, காலங்காத்தால பேஜார் பண்ற!" என்று கத்தினாலும், அவர் வராத நாளில் "எங்க அந்த வெள்ளக்காரம்மா?" என்று கேட்பார்.

அவருடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் நாம் பார்த்த பெயர்களில் அவர் பெயர் இருந்ததில்லை. அப்பாவுக்கு ஒரு சிற்றூரில் ரொட்டிக்கடை. பதினான்கு வயதில் பெரிய நகரத்துப் பயிற்சிப் பள்ளிக்குப் போய், பதினெட்டில் தொழில்முறை ஆட்டக்காரரானார். உலகத் தரவரிசையில் நூறு பேருக்குள் ஒருபோதும் வந்ததில்லை. பெரிய போட்டிகளில் தகுதிச் சுற்றோடு திரும்பிவிடுவார். ரயிலிலும் மலிவான விடுதிகளிலும் தூங்கி, தன் ராக்கெட்டுக்குத் தானே நரம்பு கட்டி, ஊர் ஊராகச் சுற்றினார். ஒரே ஒருமுறை ஒரு பெரிய போட்டியில், எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆட்டக்காரியைத் தோற்கடித்தார். அதைப் பற்றிக் கேட்டால் இரண்டு வரிதான் பேசுவார். "ஜெயிச்சது மறந்துடும் எஸ்தர். தோத்ததுதான், அன்னிக்கு வெயில் எந்தப் பக்கம் அடிச்சிதுன்னுகூட ஞாபகம் கீது."

சென்னையில் நடந்த ஒரு சிறிய போட்டிதான் அவருடைய கடைசிப் போட்டி. தோள்பட்டை தூக்க முடியாமல் கிடந்தவருக்குச் சிகிச்சை செய்த இளைஞர்தான் அமல். இந்த ஊசி வேண்டாம், அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்ட கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொன்ன முதல் மனிதன் அவன்தான் என்பார்.

இவையெல்லாம் சரி. ஆனால் இருபத்தேழு வயதில் ஆட்டத்தை ஏன் விட்டார்? தோள்வலி என்று அவர் சொன்னதை நான் முழுதாக ஏற்கவில்லை. கேட்கவும் இல்லை. என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: சொல்ல வேண்டியவர் தானாகச் சொல்லும்வரை காத்திருப்பது.

அது சில வருடங்களுக்கு முன்பு வெளியே வந்தது. பொத்தேரி பக்கம் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு டென்னிஸ் பயிற்சி மையத்தில் அவர் வேலை பார்த்தார். ஒரு தகப்பனார் இணையத்தில் ஏதோ பழைய செய்தியைக் கண்டுபிடித்து, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். முதல் செட்டை ஜெயித்து முன்னிலையில் இருந்த ஸ்பானிய ஆட்டக்காரி, இரண்டாவது செட்டின் நடுவில் திடீரென விலகினார்; அந்த ஆட்டத்தின்மீது சந்தேகத்துக்குரிய பந்தயங்கள் கட்டப்பட்டிருந்தன; விசாரணை நடக்கிறது. இதுதான் செய்தி.

மையத்தின் உரிமையாளர் கூட்டம் போட்டார். பாத்திமா என் கதவைத் தட்டி, "நீயும் வா. உனக்கு இதான வேலை" என்றார். நான் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மேடம், நாங்க குற்றம் சொல்ல வரலை. பசங்க விஷயம். என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார் அந்தத் தகப்பனார்.

"விசாரிச்சாங்க. எதுவும் கெடைக்கலைன்னு சொன்னாங்க" என்றார் பாத்திமா.

"அப்போ சுத்தம்னு சொல்லிட்டாங்க இல்லையா?"

தலையசைத்துவிட்டுப் போயிருக்கலாம். வேலை தப்பியிருக்கும். பாத்திமா அவரை நேராகப் பார்த்து, "கெடைக்கலைன்னு சொன்னாங்க. சுத்தம்னு சொல்லலை. ரெண்டும் வேற" என்றார்.

மாதக் கடைசியில் பிள்ளைகள் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். அதற்கு முன்பே அவரைப் போகச் சொல்லியும் அது நடந்தது.

கூட்டம் முடிந்து பொத்தேரியில் மின்சார ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் கூட்டம் அதிகம் இல்லை. ஊரப்பாக்கம் தாண்டியதும் அவராகவே ஆரம்பித்தார்.

ஐரோப்பாவின் கிழக்கில் ஏதோ ஒரு சிறிய ஊர். விடுதியில் காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நல்ல கோட் போட்ட ஒருவன் எதிரில் வந்து உட்கார்ந்தானாம். மிகவும் மரியாதையாகப் பேசினானாம். "நாளைக்கு மொத செட் நீ ஜெயி. ரெண்டாவது தோத்துடு. மூணாவது உன் இஷ்டம், மேட்சையே ஜெயிச்சுக்கோ. யாருக்கும் நஷ்டமில்லன்னான். நான் மாட்டேன்னு சொன்னேன். சரின்னு எழுந்து போயிட்டான். சிரிச்சிகினே போனான்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாருகிட்ட? எனக்கு அம்பயர் மேலயும் சந்தேகம், என் கோச் மேலயும் சந்தேகம்."

மறுநாள் முதல் செட்டை ஜெயித்தார். இரண்டாவதில் எதிராளி நன்றாக ஆட ஆரம்பித்தாள். இவருக்குத் தோள் வலித்தது. ஒரு கேம், மூன்று கேம், நான்கு என்று பின்தங்கினார். பார்வையாளர் பக்கம் திரும்பினால் அந்த மனிதன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னைப் பார்த்துத் தலையாட்டினான் எஸ்தர். தேங்க்ஸ் சொல்ற மாதிரி. நான் நெஜமாதான் தோத்துகினு இருந்தேன். ஆனா அவன் தலையாட்டினப்புறம் எனக்கே தெரியலை. அடுத்த சர்வீஸ் வலையில விழுந்துச்சு. அதை நான் தப்பா அடிச்சேனா, இல்ல பயந்து என் கையே அவனுக்காக அடிச்சிதா? அம்மா சத்தியமா தெரியலை. அந்த செட் முடிஞ்சா அவனுக்குப் பந்தயம் ஜெயிக்கும். முடியலைன்னா செல்லாது. அதான் போய் அம்பயர் கையைக் குலுக்கிட்டு வெளிய வந்துட்டேன்."

அவன் சொன்னபடி நடக்கக்கூடாது என்று விலகியதுதான் அவரைக் குற்றவாளி போலக் காட்டியது. விசாரணை ஓய்ந்த பிறகும் பெரிய போட்டி நடத்துபவர்கள் அழைப்பு அனுப்பவில்லை; சென்னையில் நடந்தது போன்ற சிறிய போட்டிகள்தான் மிஞ்சின. ராக்கெட் கொடுத்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி தாம்பரத்துக்குள் நுழைந்துவிட்டது. இறங்கும் கூட்டத்தில் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

நம்பினேனா? பல மாதம் கழித்து, மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது, ஒன்றும் தெரியாதவள் போல அதே கதையை நடுவிலிருந்து கேட்டேன். பொய் சொல்பவர்களைத் தடுமாற வைக்க நாங்கள் செய்வது அதுதான். இந்த முறை அந்த மனிதன் கையில் விதை இல்லை. செய்தித்தாள் இருந்தது.

என் முகம் மாறியிருக்க வேண்டும். பாத்திமா கிளிப்பைக் கடித்தபடியே சிரித்தார். "மாத்தி சொல்லிட்டேனா? உன் மூஞ்சியே சொல்லுது. எழுதிக்கோ, எழுதிக்கோ."

மனப்பாடம் செய்த பொய் மாறாது, உண்மையான நினைவு கொஞ்சம் மாறும் என்பது என் அனுபவம். பொய்யும் சில சமயம் மாறும் என்பதும் என் அனுபவம்தான்.

பிறகு நாவலூர் அடுக்குமாடிகளில், ஐ.டி. வேலையில் இருக்கும் நடுவயதுப் பெண்களுக்கு அவர் டென்னிஸ் சொல்லிக் கொடுத்தார். இதைப் படிப்பவர்களில் பலர் அந்தப் பெண்கள்தான். உங்களிடமெல்லாம் முதல் நாளே, "என் பேரை நெட்ல தேடிப் பார்த்துட்டு அப்புறம் வா" என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். தேடிப் பார்த்த பிறகும் வந்தவர்கள் நீங்கள்.

சென்ற ஆண்டு வயிற்று வலி வந்தது. பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, அல்சர்னு சொல்லி வெச்சிருக்கேன். அவ தாங்க மாட்டா. நீங்களும் அப்படியே சொல்லுங்க." நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். சரி என்றேன்.

உள்ளே போனேன். பாத்திமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "கதவை மூடு" என்றார். மூடினேன்.

"உன் வேலை பொய் கண்டுபிடிக்கிறது. உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அமல் பொய் சொல்றானா?"

வெளியே கண்ணாடி வழியாக அமலின் முதுகு தெரிந்தது. அவர் என்னை நம்பித்தான் உள்ளே அனுப்பியிருந்தார்.

"ஆமா" என்றேன்.

"பெரிய பொய்யா?"

"பெரிசுதான்."

பாத்திமா கண்ணை மூடிக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்து அருகில் போனேன். அவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்பாடா. எல்லாரும் என்னைப் பார்த்து ஒரே மாதிரி சிரிக்கிறீங்க. எனக்குத்தான் பைத்தியம் புடிச்சிடுச்சின்னு பயந்துகினு இருந்தேன்."

அமல் பல நாள் என்னோடு பேசவில்லை. அவர் கோபத்தில் தவறு இல்லை. கடைசியில் பாத்திமாதான் இருவரையும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார வைத்து, "நான்தான் கண்டுபுடிச்சேன். இவ ஒத்துகினா, அவ்ளோதான்" என்று தீர்த்து வைத்தார்.

சிகிச்சை கடுமையாக இருந்தது. நடுவில் நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார். "நிறுத்திடுவேன்னு பாக்கறியா? இங்க என் மேல பந்தயம் கட்டினவன் எவனும் உக்காந்திருக்கலையே. அப்புறம் இன்னாத்துக்கு நிறுத்தணும்?" நிறுத்தவில்லை. மருந்துப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, நர்சிடம் விளக்கம் கேட்டுத்தான் கடைசி வரை விழுங்கினார்.

நான் கடைசியாகப் பார்த்தது ஒரு மாலை நேரம். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே போனது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "அந்த மேட்ச் கதையை நம்பினியா இல்லியா? நீ சொல்லவே இல்லை" என்றார்.

அந்த நிலையில் இருப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "என் தொழில்ல நம்பறது, நம்பாததுன்னு கிடையாது பாத்திமா. நிரூபணம் ஆச்சா ஆகலையாங்கறதுதான். உன்னோடது இன்னும் முடியலை."

நெடுநாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியே வெச்சுக்கோ. நம்பிட்டீன்னா மூடி வெச்சிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவ. சந்தேகம் கீறவரைக்கும்தான் என்னை நெனச்சிகினு இருப்ப."

போன வாரம் அமல் ஒரு செய்தி அனுப்பினார். அந்த ஆட்டத்தை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களாம். பார்வையாளர் பகுதியும் தெரிகிறதாம். "நான் பார்க்கலை அக்கா. நீங்க வேணும்னா பாருங்க" என்று எழுதியிருந்தார்.

அது என் கைப்பேசியில் இருக்கிறது. இத்தனை வருடத் தொழிலில், ஆதாரம் கைக்கு வந்தும் நான் திறக்காதது அது ஒன்றுதான். அவரை அறிந்த உங்களிடம் அவர் ஒரு நல்ல பேக்ஹேண்டையோ, ஒரு சிரிப்பையோ விட்டுப் போயிருக்கலாம். என்னிடம் இருப்பது இந்தச் சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.