இடது பக்கம் இழுக்கும் வண்டி

ரிமோட் கார் ரிப்பேர் பார்க்கும் தொழிலில் நல்ல சேதியோடு கடைப் படி ஏறுகிறவர் யாரும் கிடையாது. உடைந்ததையும் எரிந்ததையும்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஸ்க்ரூடிரைவர் பிடித்துச் சோறு தின்னும் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஆம்பூர் பஜாரில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்தில் நானும் இதே பிழைப்பைத்தான் நடத்துகிறேன்.

அண்ணன் எங்கே?

புதிதாக வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே சுவர்தான் இருக்கிறது. "அண்ணன் எப்போ வருவார்?" என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு டார்ச் லைட்டுக்கு பேட்டரி போடத் தெரியாது.

இம்தியாஸ் முதல் நாள் வந்தபோது அப்படியெல்லாம் கேட்கவில்லை. ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய காரை இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். நான் மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்ததும் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். "ஆபரேஷன் முடிஞ்சதும் சொல்லுங்கக்கா, நான் பாக்க மாட்டேன்."

ஆற்று மணல்

ஞாயிறானால் அவனும் தோஸ்துகளும் பாலாற்றில் வண்டி விடுவார்கள். தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் உப்புப் பூத்த மணல். திங்கட்கிழமை அது அப்படியே என் மேசைக்கு வந்துவிடும். பல்சக்கரத்தில் மணல், பேரிங்கில் மணல், ஒயர் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. பிரஷ்ஷால் தட்டித் தட்டி எனக்கு இடுப்பு விட்டுப்போகும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "அந்த ஆத்துல தண்ணி வர்ற அன்னிக்குத்தாண்டா எனக்கு விடிவு" என்று கத்திவிட்டேன். அவன் முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "தண்ணி வந்துட்டா நாங்க எங்கக்கா போய் ஓட்டறது?"

கோணல்

ஒருமுறை வண்டி பாறையில் மோதி, முன்சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் ராடு வளைந்துவிட்டது. அன்றிலிருந்து வண்டி கிளம்பும்போதெல்லாம் இடது பக்கம் ஒரு இழுப்பு இழுக்கும். அவன் ரிமோட்டில் இருக்கும் குமிழைத் திருகித் திருகி, அதைச் சமாளித்து ஓட்டப் பழகிக்கொண்டான். வண்டி இழுக்கும் பக்கத்துக்கு அவன் தோளும் சேர்ந்து சாயும்.

புது ராடு போட்டுத் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். கேட்டால்தானே! "உடுங்கக்கா, கோணலா போனாலும் என் பேச்சைக் கேக்குது."

நல்லது செய்தேன்

பிறகு சில மாதங்கள் ஆளைக் காணோம். ஒருநாள் அதே காரை ஒரு பெரியவர் எடுத்து வந்தார். இம்தியாஸுடைய அப்பாவாம். வண்டி கிளம்பவில்லை என்றார். "தொரைக்கு வர வெக்கமா, உங்கள அனுப்பிட்டானா பாய்?" என்று நான் கிண்டல் பண்ணினேன். பைபாஸில் பைக்கில் போன மகனை லாரி அடித்துவிட்டது என்று, காரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஆள் போய்விட்டான். அந்தக் கிண்டலை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பேட்டரிதான் செத்திருந்தது. புதுசு போட்டேன். அதோடு விட்டேனா? அந்தப் பிள்ளைக்கு இதையாவது செய்வோம் என்று வளைந்த ராடைக் கழற்றி நல்லதை மாட்டி, ரிமோட்டுக் குமிழையும் நடுவுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாளே பெரியவர் திரும்பி வந்தார். "இன்னாம்மா பண்ணீங்க? நேரா போவுது."

தெருவில்

மகன் இருந்தவரை பெரியவர் ஞாயிறுதோறும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, அவன் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். வளைந்த ராடையே திரும்ப மாட்டிவிடலாம் என்று நான் பழைய சாமான் டப்பாவைத் துழாவினேன். ராடு இல்லை. காலையில்தான் டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் கவிழ்த்திருந்தேன். அழுகை வந்தது, அவர் எதிரிலேயே அழுதேன்.

பிறகு புது ராடை வைஸ் இடுக்கியில் இறுக்கி வளைத்தேன். தெருவில் விட்டுப் பார்த்தோம். "ஜாஸ்தி" என்றார். கொஞ்சம் நிமிர்த்தினேன். "கம்மி" என்றார். குமிழைத் திருகினேன், மறுபடி வளைத்தேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள், நாங்கள் நகரவில்லை. கடைசியில் வண்டி கிளம்பி, இடது பக்கம் ஒரு இழுப்பு இழுத்து, நேராயிற்று. பெரியவரின் தோளும் கூடவே சாய்ந்தது. "ஹாங்… இப்போ அவன் உடற மாதிரி இருக்கு. போதும்மா."

வளைந்ததை நிமிர்த்திக் கொடுத்துப் பிழைக்கிற இந்தத் தொழிலில், நிமிர்ந்து இருந்ததை வளைத்துக் கொடுத்து நான் நல்ல பெயர் வாங்கியது அந்த ஒரு வண்டியில்தான்.