ஒலிவாவின் ‘ச்சாவ்’

‘பேச்சாளர்: ஒலிவா பன்சியேரா. முதியவர். பள்ளத்தாக்குக்கு வெளியே வாழ்ந்ததே இல்லை. வேற்றுமொழி கலவாத பேச்சு.’

வட்டாரப் பேச்சுகளைத் தொகுக்கும் லுதோவிகா அப்படித்தான் குறித்திருந்தாள். அன்று காலை முழுக்க ஒலிவா தன் ஸ்லோவாக்கிய மருமகள் ஸ்தென்காவை ஜெர்மனில் வைதுகொண்டிருந்தாள். வாசலில் லுதோவிகாவின் கார் வந்து நின்றதும் ஜெர்மன் நின்றுவிட்டது.

இத்தாலியின் சோல்தோ பள்ளத்தாக்கின் குரலாகத் தொகுப்பில் நிலைக்க வேண்டும் என்று ஒலிவாவுக்கு அவ்வளவு ஆசை. பதிவாகப்போவது குரல் மட்டும்தான் என்று தெரிந்தும் தலைமுடியைச் சுருட்டிவிட்டிருந்தாள்.

கேட்ட வார்த்தை, பார்த்தாலும் பிரிந்தாலும் சொல்லும் ‘ச்சாவ்’. சொன்னாள், பதிவாயிற்று. கருவியை மூடியபடி லுதோவிகா, “இது வெனிஸ்காரங்க வார்த்தைம்மா. ‘உங்க அடிமை’ன்னு அர்த்தம். இப்ப ஐரோப்பா பூரா சொல்றாங்க. ஜெர்மன்காரங்க கிளம்பும்போதுதான் சொல்லுவாங்க” என்றாள்.

ஒலிவாவின் முகம் வெளுத்தது. “அடிமையா? அடக் கடவுளே! நாற்பது கோடை ஜெர்மனியில, டூயிஸ்பர்க்ல, ஐஸ்கிரீம் வாங்கிட்டுப் போற ஒவ்வொருத்தன் முதுகைப் பாத்தும் அதையா கத்திட்டிருந்தேன்?”

“நீங்க அடிமைன்னா எவன் நம்புவான் அத்தை?” காப்பியோடு வந்த ஸ்தென்கா சிரித்தாள். “எங்க ஊர்லயும் இதேதான் சொல்றோம்.”

லுதோவிகாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அடிமைக்கு இங்க சொல்ற வார்த்தையே உங்க ஸ்லாவ் ஜனத்தோட பேர்லருந்து வந்ததுதான். பிடிச்சுப் பிடிச்சு வித்தாங்கல்ல.”

ஸ்தென்காவின் சிரிப்பு நின்றது. காப்பித் தட்டை மேசையில் ணங்கென்று வைத்தாள்.

அப்போதுதான் லுதோவிகாவுக்கு உறைத்தது. “டூயிஸ்பர்க்கா? வெளிய வாழ்ந்ததே இல்லன்னீங்களே!”

“வாழ்ந்தேனா? கடை போட்டேன்! குளிர் வந்தா வீட்டுக்கு வந்துருவோம்ல.”

அவள் பொய் சொல்லவில்லை. மார்ச்சில் வீட்டைப் பூட்டி ஐஸ்கிரீம் விற்கப் போய், இலையெல்லாம் உதிர்ந்தபின் வந்து திறக்கும் பாதி ஊருக்கும் அதே கணக்குதான். அந்தக் கணக்கில் யாரும் எங்கும் போனதில்லை.

லுதோவிகா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “உண்மையை எழுதினா உங்க குரல் தொகுப்புல செல்லாதும்மா. யாருக்குத் தெரியப்போகுது? இப்படியே விட்டுருவோம்” என்றாள்.

ஒலிவா தன்னைப் பற்றிய குறிப்பை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“நான் வெளிய போகவே இல்லன்னா, நாற்பது வருஷமா அந்த ஐஸ்கிரீமை உங்கப்பனா கிண்டுனான்?”

பதிவை அழிக்கச் சொன்னாள். அழியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.