சந்துமுனைக்கு விளக்கு மறுத்தவர்

செய்தி வந்தபோது மருந்துக்கடை வாசலில் ஒரு பெயர்ப்பலகையை அளந்துகொண்டிருந்தேன். தேவா போய்விட்டார் என்று அவர் மனைவி செய்தி அனுப்பியிருந்தார். காலையில், குளியலறையில், மாரடைப்பு. அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த கடைக்காரர் எல்லாம் சரிதானே என்று ஆங்கிலத்தில் கேட்டார். சரி என்றேன். மிச்சத்தையும் அளந்து முடித்தேன்.

அப்போது என் மனத்தில் ஓடியது வியாழக்கிழமைக் கூட்டம். அதில் நான்காவது விண்ணப்பம், கமலினி அக்காவின் ஆப்பக்கடைக்குச் சந்துமுனையில் ஒரு விளக்கும் பலகையும். இனி அது நிறைவேறிவிடும் என்று நினைத்தேன். அவர் இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அவரை அறிந்தவர்கள் இதற்காக என்னை மன்னிக்க வேண்டாம். அவரும் மன்னித்திருக்கமாட்டார்.

அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆக்லாந்தின் மேற்கில், ரயில் பாதையை ஒட்டி, பழைய செங்கல் கடைகள் வரிசையாக நிற்கும் தெரு எங்களுடையது. அங்கே யாரும் நினைத்தபடி பலகை மாட்ட முடியாது. விளக்குப் போடவோ செடித்தொட்டி வைக்கவோ முடியாது. மூன்று பேர் கொண்ட ஒரு குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். தேவா என்கிற தேவராஜன் அந்த மூவரில் ஒருவர். மலேசியாவின் ஈப்போவில் பிறந்த கட்டடக் கலைஞர். நான் குழுவின் குறிப்பெழுத்தர். திருச்சியிலிருந்து படிக்க வந்தவள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் என்னிடம் கேட்டது: "மிஸ், நம்ம தெருவுல எத்தன போஹுடுகாவா மரம்?"

பதினொன்று என்றேன். என் அறிக்கையில் அப்படித்தான் இருந்தது.

"போயி எண்ணிட்டு வாங்க."

மழை. குடை இல்லை. எண்ணிவிட்டு நனைந்து திரும்பி வந்து ஒன்பது என்றேன்.

"ஒன்பதுதான். எனக்குத் தெரியும் லா," என்றார். தேநீர்க் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஈரத்தோட நாற்காலில உக்காராதீங்க."

சிறந்த கண் அவருக்கு. அதை மறுத்து எழுத என்னால் முடியாது. வீடு விற்கும் நிறுவனம் ஒன்று தன் வாசலில் பிளாஸ்டிக் வேலி வைத்தபோது, அதிலிருந்து ஓர் இலையைப் பிய்த்துக் கூட்டத்தின் நடு மேசையில் வைத்தார். "இது நம்ம எல்லாருக்கும் பிறகும் இருக்கும். என் புகார் அதுதான்," என்றார். மறுநாள் வேலி இல்லை. மருந்துக்கடைக்காரர் வெள்ளை ஒளியில் பலகை வைத்திருந்தார். அவரை அந்த ஒளிக்குக் கீழே நிற்கவைத்து, அவருடைய முகத்தை அவருடைய கைபேசியிலேயே படம் எடுத்துக் காட்டினார் தேவா. "இந்த லைட்டுல யார் நின்னாலும் நோயாளி. வியாபாரத்துக்கு நல்லதுதான். தெருவுக்கு இல்ல." கடைக்காரர் சிரித்துவிட்டு மஞ்சள் விளக்குக்கு மாறினார்.

பிறரிடம் அவர் இப்படித்தான். கடுமை உண்டு, கூடவே ஒரு விளையாட்டும். வரைபடத்தில் சின்னப் பிழை இருந்தால் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுப்பார். அங்கேயே திருத்துவார். "சரியா? கையெழுத்துப் போடுங்க." முடிந்தது.

தமிழ்ப் பெயரில் விண்ணப்பம் வந்தால் பென்சில் வெளியே வராது.

காரணத்தை ஒருமுறை காரில் சொன்னார். ஹென்டர்சனில் அவர் வீட்டுக்கு என்னை அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். குழுவில் சேர்ந்த புதிதில் ஒரு தமிழ்ப் பல் மருத்துவரின் பலகைக்கு ஒப்புதல் தந்தாராம். நல்ல பலகையாம். குழுவில் ஒருவர் கேட்டாராம், "இன்னொரு கசினா, தேவா?" மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்களாம்.

"நானும் சிரிச்சேன், மிஸ். அதான் தப்பு."

சிக்னலில் வண்டி நின்றது. "அன்னிலேர்ந்து நம்ம ஆளுங்கன்னா ஒரு தடவை திருப்பி அனுப்பிடுவேன். நல்லா இருந்தாலும். ரெண்டாவது தடவை குடுத்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டான்."

"அது அநியாயம் இல்லையா?"

"ஆமா லா," என்றார். பச்சை விழுந்தது.

கமலினி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் அடுப்பு வைத்து ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தவர். கணவருக்கு மங்கரேயில், விமானநிலையச் சரக்குக் கிடங்கில் வேலை. இருவரும் சேர்ந்து எங்கள் தெருவில் ஒரு கடையை எடுத்தார்கள். தெருவைப் பார்த்த கடை அல்ல. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து. அதன் கோடியில் கதவு. வாடகை அதனால்தான் அவர்களுக்கு எட்டியது.

"ஐஞ்சரைக்கே இருட்டிப்போடும், பிள்ளை," என்றார் முதல் நாள் விண்ணப்பத்தோடு வந்து. "சனம் சந்துவாசலைத் தாண்டிப் போகுது. உள்ளுக்க ஒரு கடை இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? மணம் பிடிச்சு வாறதுக்கு அதுகள் என்ன நாயே?"

அவர் கேட்டது உள்ளே விளக்கு எரியும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. சிவப்பும் பச்சையும். அசிங்கமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். யார் கொண்டுவந்திருந்தாலும் எங்கள் தெருவில் அது தேறாது. வர்ணமடித்த மரப்பலகை, மேலே ஒரு வளைந்த கம்பியில் விளக்கு என்று வைத்தால் தேறும். அதை அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். குழுவின் ஊழியர் விண்ணப்பதாரருக்கு யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. விதியைக் காப்பாற்றினேன். அதற்குப் பதில் அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னேன்.

"தேவா சார் தமிழ்தான், அக்கா. ஒரு தடவை நேர்ல பேசிப் பாருங்க." வீடு எங்கே என்றும் சொன்னேன்.

"ஓம், ஓம். எங்கட ஆள்தானே. கதைச்சா விளங்குவார்."

சனிக்கிழமை போயிருக்கிறார். ஒரு வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு எப்படிப் போவது? ஒரு பெட்டி தொதல் கிண்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

கூட்டத்தில் அவருடைய விண்ணப்பம் வந்ததும் தேவா கையை உயர்த்தினார். ஒன்றை அறிவிக்க வேண்டும் என்றார், ஆங்கிலத்தில், மெதுவாக, பதிவாகும்படி. "விண்ணப்பதாரர் சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். ஓர் இனிப்புப் பெட்டி கொடுத்தார். அதன் பெயர் தொதல். நான் அதைக் குப்பையில் போட்டுவிட்டேன். இது குறிப்பில் ஏற வேண்டும்."

கமலினி அக்கா நல்ல சேலை கட்டி, அதன்மேல் குளிர்கோட்டுப் போட்டு முதல் வரிசையில் இருந்தார். கணவர் ஷிஃப்ட் மாற்றி வந்திருந்தார். தலைவர் கேட்டார்: குழு உறுப்பினரின் வீட்டு முகவரி விண்ணப்பதாரருக்கு எப்படிக் கிடைத்தது?

தேவா என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். "இனிப்பு, ஒரு பெட்டி" என்று எழுதினேன். அவர் கண்ணை எடுத்துக்கொண்டு, "தெரியாது," என்றார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மூவரும் ஒருமித்து.

வெளியே நடையில் அக்கா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, தொதல் எண்டவர். அது எனக்கு விளங்கினது. என்னத்துக்கு அதை இதுக்க கதைச்சவர்?"

"ரூல்ஸ், அக்கா."

"வீட்டை வாற ஆள் வெறுங்கையோட வரவேணுமெண்டு ரூல்ஸ் இருக்கோ?"

கணவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. "வா, போவம்," என்றார். "லஞ்சம் குடுத்த ஆக்கள் எண்டு பாக்கினம்."

கார் நிறுத்துமிடத்தில் தேவா கதவைத் திறந்தபடியே கேட்டார். "அட்ரஸ் குடுத்தது நீங்கதானே, மிஸ்?"

"ஆமா, சார்."

"நல்லா எழுதுனீங்க, மினிட்ஸ்." வண்டியை எடுத்தார்.

இதைவிடக் கடுமையாக யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சந்து இருட்டாக இருந்தது. வேலை முடிந்து ரயிலுக்குப் போகும்போது அதைக் கடப்பேன். கோடியில் ஒரு மஞ்சள் சதுரம், கதவுக் கண்ணாடி. உள்ளே அக்கா நின்றுகொண்டிருப்பார். நான் போனதில்லை. போனால் ஆப்பம் தருவார். வாங்கினால் அறிவிக்க வேண்டும். இப்படி ஒரு நியாயம் எனக்குக் கிடைத்திருந்தது.

மறுபடி விண்ணப்பித்தார். இம்முறை மரப்பலகை, வளைந்த கம்பி, ஒரு விளக்கு. வியாழக்கிழமைக் கூட்டத்தின் பட்டியலில் நான்காவதாக இருந்தது அதுதான். தேவாவின் கணக்குப்படி இது இரண்டாவது தடவை. கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது, திங்கட்கிழமை செத்துப்போனார்.

புதன்கிழமை அடக்கம். அவர் வீட்டில் கூட்டம். அவர் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அழுது முடித்த முகம். "பசியாறினீங்களா, மிஸ்?" என்று கேட்டார். பிறகு, "அந்த யாழ்ப்பாணத்து அம்மா வந்துச்சே, தொதலோட. அவங்க இன்னிக்கு வந்திருக்காங்களா?"

வரவில்லை என்றேன். அதைக் குப்பையில் போட்டதாகச் சொன்னாரே என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"குப்பையா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார். "மூணு நாளு வச்சுத் தின்னாரு லா. எனக்கு ஒரு துண்டு குடுக்கல. கேட்டா, இது எங்கிட்ட குடுத்தது, நான்தான் பதில் சொல்லணும்னாரு."

குறிப்பேட்டில் என் கையால் எழுதியிருக்கிறேன்: குப்பையில் போட்டுவிட்டேன். எனக்காகச் சொன்ன அந்தத் "தெரியாது" போக, தேவா சொன்ன ஒரே பொய் அதுவாக இருக்கலாம். திருத்த வழியில்லை. சொன்னவர் இல்லாமல் குறிப்பைத் திருத்த முடியாது.

மறுநாள், வியாழன். புதிய உறுப்பினர் வரும்வரை, தற்காலிக உறுப்பினராக, தேவாவின் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். கமலினி அக்கா கணவர் இல்லாமல் வந்திருந்தார். உள்ளே வரும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "இனி நீங்கள்தானே, பிள்ளை," என்று மெல்லச் சொன்னார். முகத்தில் நிம்மதி. அது பொறுக்கவில்லை எனக்கு.

ஓர் உறுப்பினர் சரி என்றார். தலைவருக்குத் தயக்கம். உங்கள் முடிவுப்படி விட்டுவிடலாம் என்று என் பக்கம் திரும்பினார். வழக்கமான கேள்விதான், சிரித்தபடி கேட்டார்: விண்ணப்பதாரரை உங்களுக்குத் தெரியுமா?

அறையில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கசின் என்று சொல்லவில்லை. சொல்லப்போவதாகவும் தெரியவில்லை.

"இல்லை," என்றேன். "ஒரே மொழி. அவ்வளவுதான்."

பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். விளக்குக் கம்பியின் நீளம் ஒரு தாளில் ஒன்று, அடுத்த தாளில் வேறு. ஒரு விரற்கடை வித்தியாசம். அங்கேயே திருத்தியிருக்கலாம்; மேசையில் பென்சில் இருந்தது. அளவுகள் பொருந்தவில்லை, திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும் என்றேன். என் ஆங்கிலம் மிகத் தெளிவாக இருந்தது. அடுத்த கூட்டம் ஆறு வாரம் கழித்து.

அக்காவுக்கு இம்முறை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். என்னைப் பார்க்காமல் தலைவரிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வாரம் அவர்கள் காத்திருக்கவில்லை. கடையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த இதழுக்குத் தேவாவைப் பற்றி எழுதக் கேட்டபோது, கமலினி அக்கா இல்லாமல் எழுத வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தைக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் வரிசை நின்றது. என் முறை வந்ததும், அவருடைய பெயரை எழுதலாமா என்று கேட்டேன்.

ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். "போடுங்கோ. கடையின்ர பேரைத்தான் ஒரு இடமும் போட விடேல்லை." பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "அடுத்த ஆள் வாங்கோ."

தேவா, உங்கள் கண் எனக்கு வரவில்லை. மரங்களை இன்னும் இரண்டு தடவை எண்ணித்தான் எழுதுகிறேன். வேலிக்காரரும் மருந்துக்கடைக்காரரும் உங்களிடம் கண்ட அந்த விளையாட்டும் எனக்கு வரவில்லை. உங்கள் பயம் வந்திருக்கிறது. நீங்கள் அதை ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வீர்கள். என்னிடம் அது உங்களிடம் இருந்ததைவிட நன்றாக வேலை செய்கிறது.